லிமா வரைக்கும் சூடு

பெரு நாட்டின் காட்டு நகரமான இக்கித்தோஸிலிருந்து தலைநகர் லிமாவுக்குச் சாலை கிடையாது. படகில் தூளி கட்டிப் படுத்து நாலு நாள், பிறகு பஸ்ஸில் மலையேறி ஒரு நாள் என்றுதான் மீன் விற்கிற தியோலிந்தாவுக்குத் தெரியும். விமானமெல்லாம் காசுக்காரர்கள் சமாச்சாரம். மகன் எடில்பெர்ட்டோ லிமாவிலிருந்து கூப்பிடும்போதெல்லாம், "அவ்வளவு தூரம் யாருடா வருவா, போடா" என்பாள்.

அவனை அடக்கம் செய்ய வரச்சொல்லி மருமகள் மாரிட்சா விமான டிக்கெட் அனுப்பினாள். லிமாவுக்குப் போகிற ஊர்க்காரர் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. காலையில் தியோலிந்தாவின் கை தன்பாட்டுக்கு இலையில் கோழிச்சோறு கட்டியது.

விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் மோப்பம் பிடித்தார். "மகனுக்காம்மா?"

"ஆமாங்க."

"குடுத்துவச்சவன்."

அவள் தலையசைத்தாள். கொடுத்த காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் விமானம் இறங்கத் தொடங்கியது.

"எந்த ஊருல நிக்குது?"

"லிமாதாம்மா. ரெண்டு மணி நேரம்கூட ஆகாது. இவ்வளவுதான் தூரம்."

விமான நிலைய வாசலில் கறுப்புடையில் நின்ற மாரிட்சா பொட்டலத்தைப் பார்த்தாள். "இதை எதுக்கு அத்தை தூக்கிட்டு வந்தீங்க?"

தியோலிந்தா இலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் சூடா இருக்குடி" என்றாள்.