காதோடு சொன்னவள்

பாரிஸின் லாச்சப்பலில் ஒரு தமிழ் உணவகம். அங்கே ஓர் இலக்கியக் கூட்டம். அடிமைத்தளையிலிருந்து தப்பி, தன் கதையைத் தானே எழுதிய கறுப்பின அமெரிக்கப் பெண்ணைப் பற்றிப் பேசி முடித்திருந்தேன். அடுத்து, கூட்டத்துக்கு இடம் தந்த உணவக முதலாளிக்கு நான் பொன்னாடை போர்த்த வேண்டும். தேநீர் வைத்த சமையலறைப் பெண் என் காதருகே குனிந்தாள்.

“அண்ணை, என்ரை பாஸ்போட்டும் இவரிட்டைத்தான். வெளியிலை போக விடுறாரில்லை.”

கைதட்டலின் சூடு என்னில் ஆறியிருக்கவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்தேன்.

“முதல்லை இந்தப் பிள்ளையின்ரை பாஸ்போட்டைக் குடுங்கோ!”

முதலாளி அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“நானோ வச்சிருக்கிறன், பிள்ளை?”

“இல்லை ஐயா. அண்ணை பகிடி விடுறார்.”

எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த கிழமை போனேன். அங்கே வேறொருத்தி தேநீர் வைத்தாள். முன்பிருந்தவளை யாரென்று சொல்லி விசாரிப்பது? அவள் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.