வெள்ளை மான்களின் நடுவே ஜரீனா லாத்தா

தூத்துக்குடி மருத்துவமனையில் காலைப் பணி மாறும் நேரத்தில் காயல்பட்டினத்திலிருந்து அழைப்பு வந்தது. "கிரேஸ், லாத்தா மௌத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டுப் படுத்தாங்க, எழும்பல" என்றார் லாத்தாவின் தம்பி மனைவி. வளைகுடாவில் ஜரீனா லாத்தாவோடு ஒரே வார்டில் வேலை பார்த்த நாம் இன்று ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். உங்கள் எல்லோருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

லாத்தா என்றால் அக்கா. நாசரேத்துக்காரியான நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். பிறகு பிலிப்பைன்ஸ் நர்சுகளும் அப்படியே கூப்பிட்டார்கள். பெரிய டாக்டர் தவறான மருந்தை எழுதியபோது, "இதை நான் போட மாட்டேன்" என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன தலைமை நர்ஸ் அவர்.

ஒரு குளிர்கால விடுமுறையில் நாங்கள் இருவரும் பாலைவன விலங்குப் பூங்காவுக்குப் போனோம். பூங்காவின் சிறிய பேருந்தில்தான் உள்ளே சுற்ற முடியும். ஈட்டி போன்ற நேரான கொம்புகளோடு வெள்ளை மான்கள் கூட்டமாக நின்றன. லாத்தா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டார். "ஏளா, இதுகள நம்ம தேரிக்காட்டுல விட்டா, அந்தச் செம்மண்ணுல எவ்வளவு எடுப்பா இருக்கும்!"

சற்று நேரத்தில் பேருந்து பாதையை விட்டு விலகி மணலில் புதைந்து நின்றது. உள்ளே ஒரே கூச்சல். மான்கள் நெருங்கி வந்தன. ஒருவர் இறங்கி நடக்கப்போவதாகக் கதவைத் திறந்தார். லாத்தா எல்லோரையும் விலக்கிக்கொண்டு ஓட்டுநரிடம் போனார். அந்த மலையாளி, பெயர் பஷீர், ஏசி குளிரிலும் வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தார். "சுகர் இருக்கா?" ஆமாம் என்று தலையசைத்தார். என் பையில் ஊரிலிருந்து வந்த மக்ரூன் பொட்டலம் இருந்தது. சர்க்கரை சட்டென இறங்கிவிட்டது என்று கண்டுகொண்ட லாத்தா அந்த இனிப்பைப் பிரித்து ஒவ்வொன்றாக ஊட்டினார். திரும்பிப் பார்க்காமலே, "ஒருத்தரும் எறங்கப்படாது. கதவ மூடுங்க" என்றார். தமிழில்தான் சொன்னார். பேருந்தில் இருந்த அரபிக்காரரும் ரஷ்யரும்கூட உட்கார்ந்துவிட்டார்கள்.

நடுக்கம் நின்றதும் பஷீர் அழுதார். நோயை மறைத்துத்தான் வேலையில் சேர்ந்திருந்தாராம். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினார்.

"சொல்லத்தான் செய்வேன் தம்பி. இன்னைக்கு வண்டி மணல்ல நின்னுட்டு. நாளைக்கு எங்கன போய் இடிக்குமோ? ஆனா உங்க வேலைக்கும் நாந்தான் பேசுவேன்."

மீட்பு வண்டி வந்து எங்களை வெளியே கொண்டுவந்ததும், லாத்தா நேராகப் பூங்கா அதிகாரியின் அறைக்குள் போனார். "லாத்தா, டவுனுக்குத் திரும்புற நம்ம பஸ்ஸு போயிரும்" என்றேன். "போனா போவுது." பஷீர் வண்டி ஓட்டக் கூடாது, ஆனால் அவரை ஊருக்கு அனுப்பவும் கூடாது என்று லாத்தா விடாமல் வாதாடினார். எங்கள் பேருந்து போயே போய்விட்டது. அதிகாரி ஒருவழியாக இறங்கி வந்தார்.

அடுத்த குளிர்காலத்தில் போனபோது பஷீர் நுழைவாயிலில் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். லாத்தாவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

அத்தனை பேர் கத்தும்போது ஓட்டுநருக்குத்தான் முடியவில்லை என்று எப்படித் தெரிந்தது என லாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். "கத்துதவனுக்கு மூச்சு இருக்குல்லா? சத்தங்காட்டாம இருக்கானே, அவன மொதல்ல பாரு" என்றார்.

இதுதான் லாத்தா எனக்கு விட்டுப்போனது. அவரை அடக்கம் செய்த மறுநாள் பணிக்கு வந்தேன். விபத்தில் அடிபட்ட நான்கு பேரைக் கொண்டுவந்திருந்தார்கள். மூன்று பேர் அலறினார்கள். நான் நான்காமவரிடம் போனேன்.