பகலில் எரிந்த ஆறு பல்புகள்

அன்றைக்குச் சக்கரத்தடியில் இருந்தவர்கள் எட்டுப் பேர். மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். என் அண்ணன். அண்ணி. பழனிசெட்டிபட்டியிலிருந்து வில்வண்டி கட்டி வந்திருந்த அண்ணியின் அப்பா. ஊர்க் கணக்குப்பிள்ளை. மலைமேல் தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்துவிட்டு இறங்கி வந்த ஃபிட்டர். சக்கரம் செய்த ஆசாரி. என் தங்கச்சி. நான். வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். அவருக்குக் கேட்டிருக்க வழியில்லை, ஆகையால் அவரைச் சேர்க்கவில்லை. மற்ற எட்டுப் பேருக்கும் கேட்டது. கேட்கவில்லை என்று அவர்களில் யார் சொன்னாலும் அது பொய்.

பெயர் போட்டு எழுதினால் நாளைக்கு அது வேறு வம்பாகும் என்று பயமாக இருக்கிறது. பயம் என் சுபாவம். வானம் கறுத்தால் வைக்கோல் நனையுமே என்று பயப்படுவேன், வெளுத்தால் கிணறு வற்றுமே என்று பயப்படுவேன். என் பயம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு வேடிக்கை. அந்த வேடிக்கையில்தான் என் தங்கச்சியின் கொடிக்கால் போனது.

தேவாரத்துக்கு மேற்கே, மலையடியில் எங்கள் நிலம். ஒரு ஓடை மலையிலிருந்து இறங்கி அதன் ஓரமாகவே போகும். அப்பா இறந்தபின் நிலம் மூன்று துண்டானது. மேல்துண்டு அண்ணனுக்கு, கீழ்த்துண்டு எனக்கு. நடுவில் இருந்த அரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால் தங்கச்சிக்கு. கல்யாணமான இரண்டாம் வருஷமே மலைக்காய்ச்சலில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள் அவள். அண்ணி கையை எதிர்பார்க்காமல் அவள் உப்பும் புளியும் வாங்கியது அந்தக் கொடிக்காலால்தான். வேறு ஒன்றும் அவளுக்கு இல்லை.

வெற்றிலைக் கொடி மற்றப் பயிர் மாதிரி அல்ல. நெல் நாலு நாள் பொறுக்கும். கோடையில் கொடிக்கு இரண்டு நாள் வேர் காய்ந்தால் மூன்றாம் நாள் இலை வெளுக்கும். அதனால் ஓடையில் அவளுக்கென்று தனியாக ஒரு மடை. விடிந்ததும் அதைத் திறந்துவிட்டுத்தான் அவள் பல் விளக்குவாள்.

அண்ணன் மதுரையில் படித்தவர். நான் நாலாம் வகுப்போடு நின்றேன், மாடு பத்த ஆள் வேண்டும் என்று. மாடு சம்பாதித்தது அவர் பள்ளிக்கூடச் சம்பளத்துக்குப் போனது. இதை நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவர்தான் சொல்லிக் காட்டுவார், நான் நாலாம் வகுப்பு என்று.

யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம் அது. மலையில் ஒரு எஸ்டேட் பங்களாவில், ஓடைத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றி, சக்கரம் டைனமோவைச் சுற்றி, வீடு முழுக்க விளக்கு எரிவதை அண்ணன் பார்த்துவிட்டு வந்தார். அதிலிருந்து தூக்கமில்லை அவருக்கு. ஒரு ஃபாக்டரியில் கழித்துப் போட்ட டைனமோவை விலைக்கு வாங்கி, இரண்டு கழுதை மேல் ஏற்றி இறக்கினார். ஃபிட்டரும் கூடவே வந்தார்.

தை மாதத்தில் கயிறு பிடித்தார்கள். மேல்துண்டில் ஓடைக்குக் குறுக்கே கல்தடுப்பு. அங்கிருந்து கரையோரமாக ஒரு வாய்க்கால். அதன் முடிவில் பன்னிரண்டடி பள்ளம். அங்கே சக்கரம். சக்கரத்தில் விழுந்த தண்ணீர் புளியமரத்தடியில் மறுபடி ஓடையில் சேரும். கயிற்றின் ஒரு முனையை நான்தான் பிடித்திருந்தேன். பிடித்தபடியே கேட்டேன்.

"அண்ணே, தங்கச்சி மடை இந்தப் புளியமரத்துக்கு மேலதான இருக்கு?"

"இருந்துட்டுப் போகட்டும்."

"தடுப்புலயே தண்ணிய மொத்தமா திருப்பிட்டா, மடைக்கு எங்கனயிருந்து வரும்?"

"ஏலே, நாம தண்ணியக் குடிக்கவா போறோம்? எடுத்தத அப்படியே ஓடையில விட்டுர்றோம். சொட்டுக் குறையாது. இது கணக்கு. நாலாங் கிளாஸ்ல சொல்லிக்குடுக்க மாட்டாக."

ஃபிட்டர் சிரித்தார். ஆசாரி சிரிப்போடு நிறுத்தவில்லை. "சின்னவுகளுக்குச் சக்கரம் கழண்டு ஊருக்குள்ள உருண்டு வந்துருமோன்னுகூடப் பயமாத்தான் இருக்கும்."

அந்தப் பயமும் எனக்கு இருந்தது. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

சொட்டுக் குறையாது என்பது உண்மை. அதுதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல். தண்ணீர் குறையவே இல்லை. தடுப்புக்கும் புளியமரத்துக்கும் நடுவே அறுபது காலடி தூரம் ஓடையில் அது இல்லாமல் போனது, அவ்வளவுதான். தங்கச்சியின் மடை அந்த அறுபது காலடிக்குள் இருந்தது.

தை கடைசியில் தடுப்பு முடிந்தபோது இது யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் தடுப்பைத் தாண்டி வழிந்தது. வாய்க்காலுக்கும் கிடைத்தது, மடைக்கும் கிடைத்தது. "பங்குனியில?" என்று ஃபிட்டரைக் கேட்டேன். அவர் ஓடைக்குள் கையை விட்டு அளந்தார். மலையாளத்து ஆட்களோடு வேலை பார்த்த பழக்கத்தில், "மதி, மதி. இதுல பாதி இருந்தா மதி" என்றார், போதும் என்பதற்கு. மலைமேல் வற்றாத ஓடைகளையே பார்த்த மனிதர். எங்கள் பங்குனி அவருக்கு எப்படித் தெரியும்? அண்ணனுக்குத் தெரியும். இங்கேயே பிறந்தவருக்குத் தெரியாதா?

தடுப்புக்கு மேலிருந்து மடை வரைக்கும் மண்குழாய் பதித்தால் போதும், பதினைந்து ரூபாய்க்குள் முடியும் என்று நான் விசாரித்துவந்து சொன்னேன். "மொதல்ல வெளக்கு எரியட்டும்" என்றார். அந்தத் தடுப்புக்குக் கல் சுமந்தது யார் என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நான்தான் சுமந்தேன்.

மாசியில் ஒருநாள், விளக்கு வைக்கும் நேரம், எட்டுப் பேரும் சக்கரத்தடியில் நின்றோம். வீட்டுக்குள் ஐந்து பல்பு. ஆறாவதை, வந்தவர்கள் பார்ப்பதற்காக, சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு மூங்கிலில் கட்டியிருந்தார்கள். பலகையைத் தூக்கினால் வாய்க்காலில் தண்ணீர் பாயும். ஃபிட்டர் பலகையில் கை வைத்தார்.

"கொஞ்சம் பொறுங்க" என்றாள் தங்கச்சி. "அண்ணே, கோடையில என் மடைக்குத் தண்ணி வருமா வராதா? அத மட்டும் சொல்லிட்டுத் தூக்கச் சொல்லு."

அண்ணனின் மாமனார் அவரைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் அண்ணன் அப்படிப் பேசினார் என்று நினைக்கிறேன்.

"ஆத்தா, ஒன் கொடி கருகினா மூணு வருச வெத்தலப் பணத்த நான் எண்ணி வைக்கிறேன். வருசத்துக்கு எம்புட்டு வரும்?"

"செலவு போக அறுபது."

"அப்ப நூத்தியெண்பது. கணக்குப்பிள்ள, கேட்டுக்கிட்டீகளா?"

"கேட்டேன், கேட்டேன். நல்ல நேரம் போகுது, தூக்கச் சொல்லுங்க."

பலகை தூக்கினார்கள். சக்கரம் முனகிக்கொண்டு நகர்ந்து, பிறகு வேகம் பிடித்தது. பல்புக்குள் முதலில் ஒரு சிவந்த இழை தெரிந்தது, பீடி நெருப்பு மாதிரி. அப்புறம் மஞ்சள். அப்புறம் பார்க்கக் கண் கூசியது. மாமனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

இரண்டாம் நாளே ஒரு விஷயம் தெரிந்தது. ஆறு பல்பும் சேர்ந்து எரிய வேண்டும். ஒன்றை அணைத்தால் பாரம் குறைந்து சக்கரம் வேகமாகச் சுற்றும், மற்றவை வெடித்துப்போகும். அப்படி இரண்டு பல்பு போய், புதிது வாங்கி மாட்டினார்கள். விளக்கை அணைக்க வேண்டுமானால் சக்கரத்தடிக்கு இறங்கிப் போய்ப் பலகையைத்தான் போட வேண்டும். அண்ணன் இறங்கவில்லை. என்னையும் போடவிடவில்லை. தேவாரத்திலிருந்தும் பண்ணைப்புரத்திலிருந்தும் ஆட்கள் வண்டி கட்டி வந்தார்கள், அதுவும் பகலில். உச்சிவெயிலில் ஜன்னலையெல்லாம் சாத்தி அறையை இருட்டாக்கி, அண்ணன் அவர்களுக்குப் பல்பைக் காட்டினார். அண்ணி மோர் கொடுத்தாள்.

பங்குனி பிறந்தது. ஓடை என் முழங்கைப் பருமனுக்குச் சுருங்கியது. அவ்வளவும் வாய்க்காலுக்குள் போனது. தடுப்புக்குக் கீழே கூழாங்கல் வெள்ளையாகத் தெரிந்தது. நானும் தங்கச்சியும் என் கீழ்த்துண்டிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்தோம். அவள் தோளில் தோல் உரிந்தது. எத்தனை குடம் ஊற்றினாலும் நாலு வரிசை தாண்டவில்லை.

அண்ணனிடம் போனேன். "காலையில மட்டும் பலகையப் போடு, தண்ணி தடுப்பத் தாண்டி மடைக்கு வரட்டும். மத்தியானத்துக்கு மேல எரியட்டும்."

"நாளைக்கு மாமா ஊருல இருந்து ஆள் வாராக."

மறுநாள் போனேன். அன்றைக்கு வேறு யாரோ வந்தார்கள்.

"கொடியப் போய்ப் பாத்தியா நீ? எல வெளுத்துருச்சு."

"ஒனக்கு எல பழுத்தாலே செத்துப்போச்சுன்னு தோணும். போலே."

திரும்பி வந்தேன். ஒருவேளை நான்தான் அதிகமாகப் பயப்படுகிறேனோ என்று நினைத்தேன். அப்படி நினைத்து ஐந்து நாள் சும்மா இருந்தேன். அண்ணன் மேல் இருக்கும் கோபத்தைவிட அந்த ஐந்து நாள் மேல் எனக்கு இருக்கும் கோபம் பெரிது. கண்ணால் பார்த்ததை நம்பாமல், அடுத்தவன் சிரிப்பை நம்பினேன்.

ஆறாம் நாள் உச்சிவெயிலில் தங்கச்சி மண்வெட்டியோடு மேலே போனாள். நான் பின்னாலேயே போனேன். அவள் வாய்க்கால் கரையில் நாலு வெட்டு வெட்டினாள். தண்ணீர் புரண்டு ஓடைக்குள் விழுந்தது. நான் தடுக்கவில்லை. மண்வெட்டியை வாங்கி நான் வெட்டவும் இல்லை. பக்கத்தில் நின்றேன். சக்கரத்தின் சத்தம் அடங்கியது. வீட்டுக்குள் மாமனாரும் அவரோடு வந்த ஒரு வியாபாரியும் இருட்டில் உட்கார்ந்திருந்தார்களாம்.

அண்ணன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "அறிவு இருக்கா ஒனக்கு? மாமா முன்னால என் மானம் போச்சே!"

"பல்பு அணைஞ்சா திரும்ப ஏத்திக்கலாம்ணே" என்றாள் அவள். "போயி என் கொடிய ஏத்து, பாப்போம்."

ஏற்ற முடியவில்லை. மடைக்குத் தண்ணீர் வந்தது, கொடிக்கு உயிர் வரவில்லை. பத்து நாளில் முக்கால் கொடிக்கால் சருகாகி, கொடி ஏற்றியிருந்த அகத்தி மரங்களிலேயே தொங்கியது. மிச்சத்தைப் பிடுங்கிப் போட்டோம்.

நூற்றெண்பதைக் கேட்டேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நானா? எப்பச் சொன்னேன்?" என்றார்.

கணக்குப்பிள்ளையிடம் போனோம். "வெளக்குத் தெறப்பு அன்னிக்கா? நான் பல்பைப் பாத்துக்கிட்டிருந்தேன் தம்பி" என்றார். ஆசாரியும் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அண்ணியும் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஃபிட்டர் மலையேறிவிட்டார்.

"கண்ணுதான பல்பப் பாத்துச்சு? காது எங்க போச்சு?" என்று தங்கச்சி கணக்குப்பிள்ளை வாசலில் நின்று கேட்டாள். எனக்கு வேறொன்று தோன்றியது, வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. அண்ணன் வாக்குக் கொடுத்தது பலகையைத் தூக்குவதற்கு முன்னால். அப்போது பல்பு எரியவே இல்லை. எரியாத பல்பை எதற்காக இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்?

மாமனார் ஒருவர்தான் மனுஷன். ஆடி மாதம் வண்டிக்காரரிடம் இருபது ரூபாயை முடிச்சாகக் கொடுத்தனுப்பினார். "மாப்பிள சொன்னத நான் கேட்டேன், என்னால ஆனது இது, அந்தப் பிள்ளகிட்டக் குடுங்கன்னு சொன்னாக" என்றார் வண்டிக்காரர். அதற்காக அண்ணன் மாமனாரோடு ஆறு மாதம் பேசவில்லை.

அப்புறம் யுத்தம். செம்பு விலை ஏறியது. அண்ணன் டைனமோவையும் கம்பியையும் வாங்கிய விலைக்கு மேல் விற்றார். அந்தப் பணத்திலும் தங்கச்சிக்குக் காலணா வரவில்லை. அவள் இப்போது அடுத்தவர் கொடிக்காலில் கூலிக்கு வெற்றிலை கிள்ளுகிறாள். இலையை அடுக்கிக் கவுளி கட்டும்போது அவள் விரல் எண்ணுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது, தலையைத் திருப்பிக்கொள்வேன்.

போன வாரம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். சர்க்கார் கரண்டு லயன் வருகிறதாம். அவர் வீட்டுக்கு இழுக்க என் கீழ்த்துண்டில் இரண்டு போஸ்ட் நட வேண்டும், சம்மதக் கையெழுத்து வேண்டும் என்றார். காகிதத்தை என் முன்னால் விரித்து வைத்தார்.

"தங்கச்சி பாக்கி?" என்றேன்.

"இன்னுமா அதையே பிடிச்சுக்கிட்டிருக்க? ஏலே, கையெழுத்துப் போடத் தெரியும்ல?"

"தெரியும். அதான் போடல."

காகிதத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில்தான் இதை எழுத ஆரம்பித்தேன், யார் யார் இருந்தார்கள் என்பதிலிருந்து. இடம் போதாமல் வேறு தாள் எடுத்தேன். நூற்றெண்பதில் மாமனார் கொடுத்த இருபதைக் கழித்துவிட்டேன், அது அண்ணன் கொடுத்தது இல்லை என்றாலும். மிச்சம் நூற்று அறுபது ரூபாய்.