எச் போட்ட ஒரு ரூபாய்க்கு விலை கேட்டு

சனிக்கிழமை காலை 6.10. மேட்டுப்பாளையத்தில் ஊட்டி பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஐம்பத்தோரு கிலோமீட்டர், டிக்கெட் அறுபத்திரண்டு ரூபாய். சட்டைப் பையில், மருந்துக் கடைக் காகித உறை ஒன்றில், 1985-ஆம் வருடத்து ஒரு ரூபாய் நாணயம் இருந்தது. வருடத்துக்குக் கீழே கடுகளவில் எச் என்ற ஆங்கில எழுத்து. வெளிநாட்டில் அச்சாகி வந்ததற்கு அது அடையாளமாம்.

இந்த நாணயத்தை இரண்டரை லட்சத்துக்கு எடுத்துக்கொள்வதாகப் போனில் ஒருவன் சொன்னதை நம்பி, என் மகன் பிரவீன் பதிவுக் கட்டணம், வரி, கூரியர் காப்பீடு என்று ஐந்து தடவையாகப் பதினெட்டாயிரம் ரூபாய் அனுப்பிவிட்டான். கல்லூரி விடுதிக்குக் கட்ட வேண்டிய பணம். விஷயம் வெளியே வந்த அன்று வீட்டில் மைத்துனர் குடும்பம் இருந்தது. அவர்கள் முன்னாலேயே "முட்டாள்" என்று கத்தினேன். அன்று சாயங்காலம் வெளியே போனவன் மூன்று நாள் கழித்துத்தான் வந்தான். போன் அணைந்தே கிடந்தது. அந்த மூன்று நாளைப் பற்றி எழுத இன்னும் எனக்குக் கை வரவில்லை. 

திரும்பி வந்தவன் நாணயத்தை என் முன்னால் வைத்து ஒன்றே ஒன்று கேட்டான்.

"சரிப்பா, ரெண்டரை லட்சம் இல்ல. அப்ப இது என்ன வெல? உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. ஐந்து வாரம் ஆகிறது. இணையத்தில் தேடினால் ஓரிடத்தில் முப்பது ரூபாய், இன்னோரிடத்தில் ஒன்பது லட்சம். அவன் கேள்விக்கு ஒரு பதில் கொண்டுபோக வேண்டும். அதற்காகத்தான் மலையேறினேன்.

பையன் வீட்டில் இருக்கிறானா என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு வார்த்தை அனுப்பச் சொல்லி மனைவியிடம் கேட்டிருந்தேன். பர்லியார் தாண்டி வளைவுகளில் வண்டி மூச்சு வாங்கும்போது முதல் செய்தி வந்தது. "இருக்கான்."

9.20. ஊட்டி. வீடியோவில் பார்த்து வைத்திருந்த கடை, சாக்லேட் கடைக்கும் தைலக் கடைக்கும் நடுவில் ஒடுங்கலாக இருந்தது. கண்ணாடிக்குள் நாணயங்கள், ஒவ்வொன்றின் கீழும் விலைச் சீட்டு. மூன்றாவது வரிசையில் என் பையில் இருப்பதே இருந்தது. 1985, எச். "அரிய வகை, ரூ. 3,500."

நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. உறையைப் பிரித்துக் காட்டினேன். கம்பளிக் குல்லா போட்ட கடைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"ஒரிஜினல் தானுங்க."

"நெசமாவே மூவாயிரத்தி ஐநூறு போகுங்களா?"

"சீட்டுல போட்டிருக்குது பாருங்க. மதிப்புச் சான்று எழுதித் தரட்டுங்களா? முந்நூறு ரூவா. கையில சான்று இருந்தா எங்க போனாலும் தெம்பாப் பேசலாம்."

கொடுத்தேன். கையெழுத்து, ரப்பர் முத்திரை, கடையின் போன் எண், எல்லாம் இருந்தது. கால் கிலோ வர்க்கி பிஸ்கட் வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். பதினெட்டாயிரத்தில் மூவாயிரத்து ஐநூறு போனால் பாக்கி எவ்வளவு என்று மனசு தானாகக் கழித்துப் பார்த்தது. குளிரே தெரியவில்லை.

11.15. குன்னூர் பஸ். பதினெட்டு கிலோமீட்டர், இருபத்தாறு ரூபாய். ஒரு கையில் நாணயத்தைப் பிடித்தபடியே முப்பதை நீட்டினேன்.

"ஒரு ரூவா சில்லற குடுங்க சார், அஞ்சாத் தர்றேன்" என்றார் கண்டக்டர். "அதான் கையிலயே வெச்சிருக்கீங்களே?"

"இது குடுக்கறதுக்கு இல்லீங்க."

"அப்புறம் எதுக்குங்க, சாமி உண்டியலுக்கா?" முன் இருக்கைப் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாணயத்தை மட்டும் உள்ளே வைத்துவிட்டேன்.

12.30. குன்னூரில் சுகந்தி என்பவரைப் பார்க்க வேண்டும். கோவையில் நடந்த ஒரு நாணயக் கண்காட்சியில் எண் கொடுத்திருந்தார்கள். வயது நாற்பதுக்குள். தேயிலை ஏலத்துக்குச் சரக்கு அனுப்பும் தரகு அலுவலகம் ஒன்றில் வேலை. அப்பா சிலோனிலிருந்து பந்தலூர் எஸ்டேட்டுக்கு வந்தவர். அவர் பெட்டியில் கிடந்த சதுரமான சிலோன் ஐந்து சதக் காசுகளில்தான் நாணயம் சேர்க்கும் பழக்கம் தொடங்கியதாம்.

அவர் வீட்டில் உட்கார்ந்ததும் நான் பெருமையோடு சான்றை நீட்டினேன். சுகந்தி அதை இரண்டு முறை படித்தார்.

"இத எழுதினவருகிட்ட, இந்த வெலைக்கு நீங்களே எடுத்துக்குங்கன்னு கேட்டீங்களாண்ணா?"

கேட்கவில்லை. அது எனக்குத் தோன்றவே இல்லை.

"நம்பர் இருக்குதே, போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டேன். என் பெயரைச் சொல்லாமல், எச் போட்ட 1985 ரூபாய் ஒன்று இருக்கிறது, என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்றேன்.

"அது டப்பா நெறயாக் கெடக்குதுங்க. இந்தப் பக்கம் வந்தாக் கொண்டாங்க, பத்து ரூவா தர்றேன்."

சுகந்தி சிரித்த சிரிப்பில் டீ டம்ளரைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று.

பிறகு ஒரு நீளமான நோட்டை எடுத்து வந்தார். அலுவலகத்தில் தேயிலைக்குக் கணக்கு வைப்பது போலவே வீட்டில் நாணயத்துக்கு வைத்திருக்கிறார். ஏலத்துக்கு முன் சரக்கை ருசி பார்த்து ஒரு விலை மதிப்பிடுவார்களாம். ஏலத்தில் அது போகும், போகாமலும் திரும்பும். திரும்பியதற்கு 'அவுட்' என்று பெயர். 1985 எச் என்று தலைப்பிட்ட பக்கத்தில் நான் பார்த்த சில வரிகள்: கோவை, தேய்ந்தது, 20. சேலம், தேய்ந்தது, 25. கோவை, புதுக்கருக்கு அழியாதது, 140. அவற்றுக்கு நடுவே சிவப்பு மையில்: 5,000 அவுட். 900 அவுட். 300 அவுட்.

"விக்காததை எதுக்கு எழுதறீங்க?"

"அத எழுதலைன்னா அஞ்சாயிரம்னு கேட்டது மட்டும்தானே கண்ணுல நிக்கும். யாரும் எடுக்கலைங்கறது மறந்துரும்."

என் நாணயத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "நல்லாத் தேஞ்சிருக்கு. இருவது, இருவத்தஞ்சு. நான் சொல்றதையும் அப்படியே நம்பாதீங்க, இன்னும் ரெண்டு பேருகிட்ட விக்கறேன்னு கேட்டுப் பாருங்க. இந்தாங்க, என் வெல." இருபது ரூபாய்த் தாள் ஒன்றை மேசையில் வைத்தார்.

நான் எடுக்கவில்லை. பிரவீனின் கதையை அப்போதுதான் சொன்னேன். முட்டாள் என்று கத்தியதையும் சொன்னேன். சுகந்தி நோட்டை மூடினார்.

"உங்க பையன ஏமாத்துறதுக்கு அந்தப் போன்காரன் லட்சக்கணக்குல ஆச காட்டணும், அஞ்சு வாட்டி பேசணும். உங்களுக்கு ஒரு சீட்டும் ஒரு ரப்பர் ஸ்டாம்பும் போதுமா இருந்திருக்கு."

கோபம் வரவில்லை. வர்க்கியில் பாதியை அங்கே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

3.40. மேட்டுப்பாளையம் பஸ். நான் நூல் மில் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் புளியம்பட்டிப் பக்கம், நூல் விலையை யாராவது வாயால் சொன்னால் "பில் இருக்குதா?" என்றுதான் முதலில் கேட்போம். மலைக்கு மேலே போனதும் அந்தக் கேள்வி எங்கே போயிற்று என்று யோசித்தேன். சீட்டைப் பார்த்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டதே, அதுதான் விடை. பையனுக்கும் அப்படித்தான் அடித்திருக்கும். அவனுக்கு இன்னும் பலமாக.

சான்றைப் படம் எடுத்துப் பிரவீனுக்கு அனுப்பினேன். கீழே எழுதினேன்: "விலை இருபது ரூபாய். விசாரித்துவிட்டேன். இந்தத் தாளுக்கு நான் கொடுத்தது முந்நூறு."

பார்த்துவிட்டான் என்று நீலக் குறி வந்தது. காட்டேரி, பர்லியார். வளைவுக்கு வளைவு சிக்னல் போய் வந்தது. கல்லாறு வந்து பாக்குத் தோப்புகளின் புழுக்கம் முகத்தில் அடித்தபோது போன் அலறியது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"முந்நூறுக்கு ஒத்துக்கிட்டீங்களா? பேரம் பேசலயாப்பா?"

"பேசலடா."

அந்தப் பக்கம் அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு. எங்கே இறங்குகிறேன், எத்தனை மணிக்கு என்று கேட்டான். வண்டி எடுத்து வருவதாகச் சொன்னான்.

6.50. புளியம்பட்டி. சொன்னபடி நின்றிருந்தான். சான்றை வாங்கி முத்திரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நடந்ததையெல்லாம் சொன்னேன், குன்னூர் மேசையில் வைத்த இருபது ரூபாய் வரைக்கும்.

"அதுதான் சரியான வெலைன்னா குடுத்துட்டு வந்திருக்கலாமே?"

உறையை அவன் சட்டைப் பையில் போட்டேன்.

"உன்ற காசுடா. நான் எப்படி விக்கறது?"