ஒரு மணி நேரம் கூட்டு

போர்ட் ஆல்பெர்னியில் முப்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் வெர்னா லிண்ட்க்விஸ்ட்டைத் தெரியும். பாதிப் பேரை அவள்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறாள். மஞ்சள் பேருந்தின் பெரிய கண்ணாடியில் பின்வரிசைவரை பார்த்துக்கொண்டே, "டேய், அந்த ஆரஞ்சுத் தோலை ஜன்னல் வழியா போட்டா நீயும் அது பின்னாடியே போவ" என்று சொல்லுவாள். குரல் உயராது. ஆனாலும் தோல் பையனின் சட்டைப்பைக்குள் போய்விடும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கண்ணாடிப் பார்வை மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இந்தக் கதையே.

அவள் கணவன் கிளெம் மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்தவன். ஜூன் மாதம் வந்தால் ஊரில் மற்றவர்கள் வெயில் தேடி எங்கெங்கோ பறப்பார்கள். இவர்கள் இரண்டு பேரும் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு மேற்குக் கரைப்பாதையில் ஒரு வாரம் நடப்பார்கள். கல்யாணமான வருஷம் ஆரம்பித்த பழக்கம். பாதை என்று பேர்தான். முழங்கால்வரை சேறு, மக்கிப்போன பலகைகள், செங்குத்துப் பாறையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாத்திய ஏணிகள், ஆறு குறுக்கிட்டால் கம்பியில் தொங்கும் கூண்டில் உட்கார்ந்து கயிற்றை இழுத்து இழுத்து அக்கரை போக வேண்டும். மழை எப்போதும் உண்டு. கரடி நடமாட்டமும் உண்டு. காசு கொடுத்து இந்தப் பாடு ஏன் என்று கேட்பவர்களுக்கு வெர்னா பதில் சொல்ல மாட்டாள். கேட்கிறவனின் செருப்பை மட்டும் ஒரு பார்வை பார்ப்பாள்.

இருவருக்கும் வேலை பிரித்து வைத்திருந்தார்கள். சோறு, அடுப்பு, சாப்பாட்டு மூட்டையைக் கரடிக்கு எட்டாத இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது எல்லாம் அவள் பாடு. கடல் ஏறும் நேரம், இறங்கும் நேரம் அவன் பாடு. பாதையில் பல இடங்களில் கடல் வற்றியிருக்கும்போது மட்டுமே பாறைத்தட்டில் நடக்க முடியும். நேரம் தப்பினால் முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர். இதில் அரசாங்கம் ஒரு கொக்கியும் வைத்திருக்கிறது. வசந்தம் வந்ததும் நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கும். கடல் ஏற்ற இறக்க அட்டவணை மட்டும் பழைய நேரத்திலேயே கிடக்கும். ஆக, கோடையில் நடப்பவன் ஒவ்வொரு எண்ணோடும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். வெர்னா அட்டவணையை நனையாத தாளில் மையால் எழுதித் தருவாள். கிளெம் பக்கத்திலேயே பென்சிலால் கூட்டிப் போடுவான். போன வருஷம்வரை அவன் ஒருமுறையும் தப்பு செய்ததில்லை. அதில் அவனுக்கு ஒரு கர்வம்கூட உண்டு.

இரண்டு வருஷமாகத்தான் அவனுக்கு ஞாபகம் பிசக ஆரம்பித்திருந்தது. கார்ச் சாவி ரொட்டி டப்பாவுக்குள் கிடக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் பேர் தொண்டைவரை வந்து நின்றுவிடும். மருத்துவர் ஒரு பேர் சொன்னார். கிளெம் அதைக் கேட்டுவிட்டு, "அந்தப் பேரையும் சீக்கிரம் மறந்துடுவேன், கவலைப்படாதீங்க" என்றான்.

மகள் டார்சி நனைமோவிலிருந்து வந்து அம்மாவை மட்டும் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்தாள்.

"அம்மா, போதும்மா. அங்க போன்கூட எடுக்காது. அப்பா எங்கயாவது தப்பா கால் வச்சா என்ன செய்வ?"

"தூக்கிட்டு வருவேன்."

"விளையாடாத. உனக்கும் அறுபத்தேழு ஆகுது. இந்த ஒரு தடவை போயிட்டு வாங்க. அவரால ஏதாவது ஒண்ணு தப்பாச்சுன்னா அதோட நிறுத்திக்கணும். சத்தியம் பண்ணு."

வெர்னா சத்தியம் செய்தாள். செய்துவிட்டுப் பாத்திரம் கழுவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பாதையில் நடக்கும்போது மட்டும்தான் கிளெம் பழைய கிளெம்மாக இருந்தான். கால் வைக்கும் இடம், கூடாரம் கட்டும் முடிச்சு எதுவும் அவனை விட்டுப் போகவில்லை. அதையும் பிடுங்கிவிட்டால் ஜன்னல் ஓரத்து நாற்காலி மட்டும்தான் மிச்சம். அவளால் அதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

போன வருஷம் ஒன்று நடந்தது. அதை அவள் டார்சியிடம்கூடச் சொல்லவில்லை. முதல் நாள் அவன் கூட்டிப் போட்ட தாளை எதேச்சையாகப் பார்த்தாள். அவன் கூட்டவே இல்லை. அட்டவணை எண்ணையே பென்சிலால் மறுபடி எழுதி வைத்திருந்தான். அவன் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் வெர்னா அவற்றை அழித்து, அவன் கையெழுத்தைப் போலவே சரியான நேரத்தை எழுதி வைத்துவிட்டாள். அந்த வாரம் முழுக்கத் தினமும் அப்படித்தான்.

இந்த வருஷம் அந்தத் திருட்டு வேலை வேண்டாம் என்று முடிவு செய்தாள். மையால் எழுதும்போதே ஒரு மணி நேரம் கூட்டி எழுதிவிட்டாள். 'நானே கூட்டிட்டேன்' என்று அவனிடம் சொல்லிவிட வேண்டியதுதான். எத்தனையோ முறை வாய்வரை வந்தது. சொன்னால் அவனிடமிருந்து கடலைப் பறித்ததாகிவிடும். போன வருஷம் போலத்தான் மறந்துவிடுவான், அந்த எண்ணையே திரும்ப எழுதுவான், அது சரியாக இருக்கும், ஒருவருக்கும் வலிக்காது என்று நினைத்தாள். தினமும் அந்தத் தாளை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டால் போதும்.

முதல் நாட்கள் நன்றாகவே போயின. வழி முழுக்கக் காட்டுக்குள்ளேயே இருந்ததால் கடல் நேரம் தேவைப்படவில்லை. ஏணியில் கல்கரியிலிருந்து வந்த இரண்டு இளம்பெண்கள் பின்னால் நின்றார்கள்.

"அவசரமே இல்லீங்க, மெதுவா ஏறுங்க" என்றாள் ஒருத்தி.

"அவசரம் இருந்தாலும் எனக்கு இந்த ஒரு வேகம்தான்மா" என்றான் கிளெம் மேலிருந்து. "கிழவி, உன் பூட்ஸ் சேத்தை அந்தப் பொண்ணு தலையில கொட்டாத."

வெர்னாவுக்கு மனசு லேசாயிற்று. டார்சி இதைப் பார்க்க வேண்டுமே என்று நினைத்தாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் மழை பிய்த்துக்கொண்டு அடித்தது. அவள் நூடுல்ஸ் சட்டியைக் கழுவி, மூட்டையைப் பெட்டியில் பூட்டிவிட்டு வருவதற்குள் கிளெம் மறுநாளுக்குக் கணக்குப் போட்டுத் தாளை மார்புப் பையில் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டான். "பதினொரு மணிக்குக் கடல் அடியோட வத்தியிருக்கும். அப்ப கிளம்பினா பாய்லர் முனையைச் சுத்திடலாம்" என்றான். அவளுக்குத் தான் என்ன எண் எழுதினோம் என்று நினைவில்லை. கேட்டிருக்கலாம். ஈர உடையோடு படுக்கைப் பைக்குள் நுழைந்ததும் தூங்கிவிட்டாள்.

பாய்லர் முனையில் எப்போதோ உடைந்த கப்பலொன்றின் கொதிகலன் துருப்பிடித்துக் கிடக்கும். அதைத் தாண்டிப் பாறைத்தட்டின் நடுவில் ஓர் ஆழமான வெட்டு உண்டு. கடல் நன்றாக வற்றியிருந்தால் அதன் அடியில் இறங்கி ஏறலாம். மற்ற நேரத்தில் அலை உள்ளே புகுந்து கொட்டு முழக்கும். பாசி வழுக்கலில் கழியை ஊன்றி ஊன்றி அவர்கள் அங்கே போய்ச் சேரும்போது மதியமாகிவிட்டது. வெட்டுக்குள் தண்ணீர் இடுப்பளவு நின்றிருந்தது. ஓர் அலை வந்து அதை மார்பளவாக்கிவிட்டுப் போனது.

கிளெம் அசையாமல் நின்றான்.

"வெர்ன், தண்ணி ஏறுது."

"தெரியுது. திரும்பு."

திரும்பிப் பார்த்தால் கொதிகலன் பாதி மூழ்கியிருந்தது. வெர்னாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிளெம்தான் மேலே பார்த்தான். பாறையில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு திண்டு இருந்தது. அங்கிருந்து யாரோ மீனவன் கட்டிவிட்டுப்போன தடிக் கயிறு தொங்கியது. அவன் அதை இழுத்துப் பார்த்து, முதலில் அவளை ஏற்றினான், மூட்டைகளைக் கட்டி அனுப்பினான், பிறகு தான் ஏறினான். ஒரு முடிச்சும் நழுவவில்லை. அவர்கள் ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், நின்றிருந்த இடத்தை அலை கழுவிக்கொண்டு போனது.

உயிருக்கு இனி ஆபத்தில்லை. மழையும் விட்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து கடல் இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கிளெம் மார்புப் பையைத் திறந்து தாளை எடுத்து முழங்காலில் விரித்தான்.

"கூட்டினேன்" என்றான். "நல்லா ஞாபகம் இருக்கு, கூட்டினேன்."

வெர்னா எட்டிப் பார்த்தாள். மையில் அவள் எழுதியது பத்து. பக்கத்தில் பென்சிலில் பதினொன்று. அவன் மறக்கவில்லை. இந்த முறை மறக்கவே இல்லை.

"ஒருவேளை ரெண்டு தடவை கூட்டிட்டேனோ" என்று அவன் எண்களைத் தடவினான். "இல்ல, குறைக்கணுமோ? வசந்தத்துல முன்னால தள்ளுவோமா, பின்னால தள்ளுவோமா?" முகம் அப்படியே விழுந்துவிட்டது. தாளை மடித்து அவளிடம் நீட்டினான். "டார்சி சொன்னது சரிதான். நீங்க சமையலறையில பேசினது எனக்குக் கேட்டுச்சு. இனிமே இதை நீ வச்சுக்க. உன்னைக் கொன்னிருப்பேன் வெர்ன்."

தாளை வாங்கிக்கொண்டாள். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. டார்சிக்கு நிம்மதி. அவனே விட்டுக்கொடுத்ததாகவும் ஆகும். கேட்டால் நோயைக் காட்டிவிடலாம். அவன் கடலைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்க்க அவளால் ஆகவில்லை.

"நீ சரியாத்தான் போட்ட" என்றாள். "நான் எழுதறப்பவே கூட்டிட்டேன். உங்கிட்ட சொல்லலை."

"என்ன?"

"நீ மறந்துடுவேன்னு நினைச்சேன், கிளெம். மறந்துடுவேன்னு நம்பி எழுதினேன். என் தப்பு. முழுக்க என் தப்பு." அவளுக்கு அழுகை வந்தது. மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள்.

கீழே பாறையில் கடற்சிங்கங்கள் கத்திக்கொண்டிருந்தன.

"போன வருஷம் நீ அழிச்சு எழுதினது எனக்குத் தெரியும்" என்றான் கடைசியில். "ஏழுக்கு நடுவுல நீ கோடு போடுவ. நான் போடமாட்டேன்."

வெர்னா கையிலிருந்த தாளைப் பிரித்து, மையில் இருந்த ஏழுகளைப் பார்த்தாள்.

"அதனாலதான் இந்த வருஷம் படிச்சேன். குளிர்காலம் பூரா. காலைல பல்லு தேய்க்கறப்ப, ஷேவ் பண்றப்ப, ஒரே பாடம்தான். ஒரு மணி நேரம் கூட்டு, ஒரு மணி நேரம் கூட்டு. வேற எது போனாலும் போகட்டும், இது ஒண்ணு போகக் கூடாதுன்னு."

குளியலறைக் கதவுக்குப் பின்னால் அவன் முணுமுணுப்பதை அவள் எத்தனை நாள் கேட்டிருக்கிறாள். தனக்குத்தானே பேச ஆரம்பித்துவிட்டான் என்று டார்சியிடம் ஃபோனில் சொன்னாள். மருத்துவரிடமும் சொன்னாள். அவர் அதைக் கணினியில் ஏற்றிக்கொண்டார். இப்போது அதை நினைத்ததும் அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நன்றாகவே அழுதாள். ஈரக் கோட்டில் புகை வாடை அடித்தது.

"ஆக, ரெண்டு பேருல யாரை நாற்காலியில உட்காரவைக்கறதுன்னு டார்சிதான் முடிவு பண்ணணும்" என்றான் கிளெம்.

"சும்மா இரு."

"உங்க அம்மாவுக்குக் கொஞ்சம் ஞாபகம் பிசகிடுச்சு, பார்த்துக்கன்னு சொல்றேன்."

"சொல்லித்தான் பாரேன், இங்கிருந்தே தள்ளிவிடறேன்."

அவன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் நிற்கவில்லை. உலர்ந்த சால்மன் துண்டை இரண்டாக்கித் தின்றார்கள். ஃப்ளாஸ்கில் மிச்சமிருந்த டீயை மூடியில் ஊற்றி மாற்றி மாற்றிக் குடித்தார்கள். வெர்னா தாளைத் திரும்ப அவனிடமே கொடுத்தாள்.

"எப்ப இறங்கலாம்னு பாரு. எனக்கு இருட்டுல அந்தப் பாசியில நடக்க முடியாது."

அவன் வாங்கத் தயங்கினான். "இன்னும் என்னை நம்பறியா?"

"இல்ல" என்றாள் வெர்னா. "என்னையும் நம்பலை. போடு."

கிளெம் பென்சிலின் பின்பக்கத்தால் தன் எண்களை ஒவ்வொன்றாக அழித்தான். மையில் இருந்ததை மட்டும் விட்டான். விரல் விட்டு எண்ணினான், நிறுத்தினான், உதட்டை அசைத்தபடி மறுபடி முதலிலிருந்து எண்ணினான். அவள் குறுக்கே பேசவில்லை. வாய் துறுதுறுத்தது, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டரை" என்றான். "எட்டரைக்கு வெட்டு காலியாயிடும். ஜூன்ல ராத்திரி ஒன்பது மணிவரைக்கும் வெளிச்சம் இருக்கும்."

"சரி."

"பார்க்காம சரின்னு சொல்லாத." தாளையும் பென்சிலையும் அவள் மடியில் வைத்தான். "கண்ணாடியை மாட்டு. என் முன்னாடியே பாரு."

வெர்னா கண்ணாடியை எடுத்துச் சட்டையின் காய்ந்த ஓரத்தில் துடைத்து மாட்டிக்கொண்டாள். அவன் பார்த்துக்கொண்டிருக்க, எண்களை முதலிலிருந்து கடைசிவரை விரல் வைத்துப் படித்தாள்.

"எட்டரைதான்" என்றாள்.

எட்டரைக்கு வெட்டின் அடியில் கணுக்கால் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கிளெம் முதலில் இறங்கி, அவளுக்காகக் கையை நீட்டினான்.