டி டிரைவில் இடம் இருந்தது

தெருவில் எல்லாருக்கும் அவள் எம்பிராய்டரி அக்கா. வீட்டின் வாசல் அறையில் பாதியை ஒரு பெரிய எம்பிராய்டரி இயந்திரம் அடைத்துக்கொண்டிருந்தது. பள்ளிச் சீருடைக்கு முத்திரை, ஆஸ்பத்திரி மேலங்கிக்குப் பெயர், விளையாட்டுக் குழுவின் சட்டைக்குச் சின்னம் என்று எது வந்தாலும் முதலில் கம்ப்யூட்டரில் தையல் தையலாக வரைவாள். பிறகு அதை இயந்திரத்துக்கு அனுப்புவாள். இயந்திரம் சொன்ன பேச்சு கேட்கும். அவளைப் பாடாய்ப் படுத்தியது கம்ப்யூட்டர்தான்.

புதுசு ஒன்று வாங்கித் தொலை என்று கணவன் சொல்லாத நாளில்லை. வேன் ஓட்டுகிறவன் அவன். ஓடாத வண்டியை வைத்துக்கொண்டு யாராவது மாரடிப்பார்களா என்பது அவன் நியாயம். ஆனால் அந்த இயந்திரம் இந்தப் பழைய கம்ப்யூட்டரோடு மட்டும்தான் ஒத்துப்போகும். செய்து விற்ற கம்பெனியோ எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. பக்கத்து வீட்டு லேப்டாப்பில் அந்த மென்பொருளைப் போட்டுப் பார்த்தாள்; திறக்கவே மாட்டேன் என்றது. இதைக் கணவனுக்கு விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம்.

வினை ஒரு பள்ளிக்கூட முத்திரையில் தொடங்கியது. வேலைப்பாடு நிறைந்த முத்திரை, ஆறு நிறம். முக்கால்வாசி முடித்து, பெரிதாக்கிப் பார்க்கும்போது திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்த்தது. விர்ச்சுவல் மெமரி போதவில்லை என்றது. அதில் ‘சரி’ என்று ஒரே ஒரு பட்டன். சரியில்லை என்று சொல்ல வழியே வைக்கவில்லை. அவள் ‘சரி’யை அமுக்கினாள். அமுக்கியதும் எல்லாம் அப்படியே உறைந்துபோய், காலையிலிருந்து வரைந்தது காற்றோடு போயிற்று.

கொழுந்தனுக்குப் போன் போட்டாள். அவன் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அதனால் வீட்டில் வயர் உள்ள எதற்கும் அவன்தான் வைத்தியர். மெமரி நிரம்பிப்போனால் கம்ப்யூட்டர் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் ஓர் இடத்தில் இறக்கி வைக்கும், அந்த இடம் பற்றவில்லை, சி டிரைவ் நிரம்பி வழிகிறது, டி டிரைவ் சும்மா கிடக்கிறது, அங்கே மாற்றிவிடலாம் என்றான். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவன் சொன்ன ஜன்னலையெல்லாம் திறந்தாள். ஒன்றுக்குள் ஒன்று, அதற்குள் இன்னொன்று. சின்ன எண் ஒன்று, பெரிய எண் ஒன்று போடச் சொன்னான், போட்டாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் பழைய எண்ணே பல்லிளித்தது. மறுபடி போட்டாள். மறுபடி பழைய எண்.

கடைசியில் கொழுந்தன் கேட்டான்: “அண்ணி, ஓகே குடுக்கிறதுக்கு முன்னாடி ‘செட்’டுனு ஒரு பட்டன் இருக்குமே, அதை அமுக்குனீங்களா?”

“அப்படி ஒண்ணு இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே தம்பி.”

சொல்லியிருப்பேன் என்றான். அவள் ‘செட்’டை அமுக்கினாள்.

கொஞ்ச நாள் நிம்மதி. பிறகு அதே பெட்டி, அதே மூலை. இந்த முறை பொறுமை போய், கம்ப்யூட்டரைக் கழற்றி வேனில் ஏற்றி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில் உச்சுக்கொட்டி, இதையெல்லாம் யார் நோண்டியது, கம்ப்யூட்டரே தானாகப் பார்த்துக்கொள்ளும்படி விட வேண்டாமா என்று ஒரு பாட்டம் திட்டினார். திட்டு விழ வேண்டியது கொழுந்தனுக்கு, வாங்கிக்கொண்டது அவள். அவர் எல்லாவற்றையும் பழையபடி சி டிரைவுக்கே மாற்றிக் கொடுத்தார். அங்கேதான் மூச்சுவிட இடமில்லையே. அதுவரை மத்தியானம் வந்துகொண்டிருந்த பெட்டி இப்போது காலையிலேயே வந்தது.

விடுமுறை நாளில் கொழுந்தன் நேரில் வந்தான். எவன் கை வைத்தான் என்று அங்கே இல்லாத கடைக்காரரை ஒரு பிடி பிடித்துவிட்டு, டி டிரைவுக்கே திரும்ப மாற்றினான். சாப்பிட்டான், ஏப்பம் விட்டான், இனிமேல் வராது அண்ணி என்று சொல்லிவிட்டுப் போனான்.

வந்தது. இரண்டாம் முறை வரைந்த முத்திரையின் கடைசி நிறத்தில், பள்ளிக்காரர்கள் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்த வேளையில் வந்தது. அவள் ‘சரி’யை அமுக்கவில்லை. பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, சத்தம் காட்டாமல் அதைத் தாண்டிப் போகிறவளைப் போல, மவுஸை மெல்ல நகர்த்தி, வரைந்த வரைக்குமாவது டி டிரைவில் சேமித்துவிடப் பார்த்தாள். டி டிரைவில் இடமில்லை என்று பதில் வந்தது; அத்தோடு மென்பொருள் மூடிக்கொண்டு, இரண்டாவது முத்திரையும் போயிற்று.

சும்மா கிடக்கிற டிரைவில் எப்படி இடமில்லாமல் போகும்? திறந்து பார்த்தாள். ‘மேட்ச்’ என்று ஒரு ஃபோல்டர். உள்ளே வரிசை வரிசையாக ஒலிக் கோப்புகள், ஒவ்வொன்றும் மலை மாதிரி.

வீட்டில் கூடவே இருந்த மாமனார் டெலிபோன் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இளவயதில் ரேடியோவில் கேட்ட கால்பந்து வர்ணனைகளை ஒன்று விடாமல் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். சாயங்காலம் அவள் எழுந்து சமையலுக்குப் போனதும், டேப் ரெக்கார்டரோடு வந்து கம்ப்யூட்டர் முன்னால் அவள் நாற்காலியில் உட்காருவார். பாட்டுக் கேட்கிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

“மாமா, இதெல்லாம் நீங்க போட்டதா?”

“ஆமாம்மா. ஆனா உன் வேலையில நான் கை வைக்கவே இல்ல. சி அண்ணியோடது, டி சும்மா கெடக்கு, அதுல போட்டுக்கங்கன்னு சின்னவன்தான் கேசட்டை கம்ப்யூட்டர்ல ஏத்த வயர் மாட்டிக் குடுத்தான்.”

அவளுக்குக் கோபத்தில் சிரிப்பு வந்தது; சிரித்தால் அழுகை வந்துவிடும் போலவும் இருந்தது. கொழுந்தனைப் போனில் பிடித்தாள்.

“தம்பி, டி டிரைவை எனக்குக் குடுத்தீங்களா, மாமாவுக்குக் குடுத்தீங்களா?”

“அப்பா ஏதோ நாலு கேசட் போடுவாருன்னு நெனச்சேன் அண்ணி” என்றான்.

அவர் வீட்டிலிருந்த கேசட் பெட்டி முழுவதையும் போட்டுக்கொண்டிருக்கிறார், மாலைக்குள் தனி டிஸ்க் ஒன்றோடு வந்து சேர வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். விஷயம் புரிந்ததும் மாமனாருக்கு முகம் செத்துப்போயிற்று. எல்லாவற்றையும் அழித்துவிடும்மா, கேசட் இருக்கத்தானே இருக்கிறது என்றார். அழிக்க மாட்டேன், உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை என்று அவள் சொன்ன குரலில் வருத்தம் நிறையவே இருந்தது. அவருக்கும் அது கேட்டது. அன்று அவர் டீ கேட்கவில்லை. அவளாகக் கொண்டுபோய் வைத்தாள்.

கொழுந்தன் வந்து வர்ணனைகளை ஒவ்வொன்றாகப் புது டிஸ்குக்கு மாற்றினான். பிறகு அந்த ஜன்னலைத் திறந்து, சின்ன எண், பெரிய எண் இரண்டையும் ஒன்றாகவே போட்டான். இப்படிப் போட்டால் அந்த இடம் முழுதும் முதலிலேயே ஒதுங்கிவிடும், பிறகு யார் எதை நிரப்பினாலும் அதைத் தொட முடியாது என்று விளக்கினான்.

“அப்ப இதையே மொதல் நாளே போட்டிருக்கலாம்ல?”

“போட்டிருக்கலாம்” என்றான், திரையைப் பார்த்துக்கொண்டே. ‘செட்’டை அவளே கை நீட்டி அமுக்கினாள்.

மூன்றாம் முறை வரைந்த முத்திரை முழுதாக முடிந்தது. பள்ளிக்காரர்கள் தாமதத்துக்கு முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். பெட்டி அதன் பிறகு வரவில்லை. ஆனாலும் நாலு தையல் போட்டால் ஒரு தடவை சேமிக்கும் பழக்கம் அவள் விரலை விடவில்லை. ரிப்பேர் கடைக்காரர் ஒருநாள் அந்த வழியாகப் போகையில் வாசலில் நின்று, நான் செய்துகொடுத்தது நன்றாக ஓடுகிறதா என்று கேட்டார். எங்கிருந்து தொடங்கி எதைச் சொல்வது என்று ஒரு நிமிஷம் யோசித்தாள்.

“ஓடுதுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு இயந்திரத்தைப் போட்டாள்.