பலேர்மோவில் ஒரு திருடனின் தலை

காலை ஒன்பது மணி. பலேர்மோவின் பல்லரோ சந்தையில் மீன்காரர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். நானும் ரோஸ்லினும் பொலிதேயாமா பகுதியை நோக்கி நடந்தோம். தூரம் இரண்டு கிலோமீட்டர் இருக்கும். ரோஸ்லின் மன்னாரில் பிறந்தவள், பல வருடமாக இங்கே வீட்டு வேலை செய்கிறாள். சந்தைக்குப் பின்னால் இருக்கும் அவள் வீட்டு முன்னறையில்தான் நான் தங்கியிருந்தேன். அவள் வேலை செய்யும் வீட்டையே பார்க்கப் போகிறேன் என்பதில் எனக்கு ஒரே குஷி.

காரணம் இருந்தது. மண்டையோட்டின் மேடு பள்ளங்களைத் தடவிப் பார்த்தால் ஆளின் குணம் தெரிந்துவிடும் என்று ஐரோப்பாவில் படித்தவர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். பிறகு தடவிய கைகள் அளவெடுக்கும் இடுக்கியை எடுத்தன. சிறையில் செத்துப்போன ஏழைகளின் தலைகளை அளந்து, இவன் பிறவிக் குற்றவாளி என்று எழுதிவைத்தார்கள். சென்னையில் நான் பாடம் நடத்தும் குற்றவியல் என்கிற படிப்பு அந்த அளவெடுப்பில் பிறந்த பிள்ளைதான். பொலிதேயாமாவில் ஒரு வக்கீல் குடும்பத்தில், சிறை மருத்துவராக இருந்த பாட்டனார் சேர்த்துவைத்த மண்டையோடு ஒன்று இருப்பதாகத் தோழி ஒருத்தி சொன்னாள். எழுதிக் கேட்டேன். வாருங்கள் என்று வக்கீல் உடனே பதில் போட்டுவிட்டார். ரோஸ்லின் வேலை செய்வது அவர் வீட்டில்தான்.

ஒன்பதே முக்காலுக்குக் காப்பிக் கடையில் நின்றோம். ஒரு காப்பி ஒரு யூரோ இருபது சென்ட். ரோஸ்லின் குடிக்கவில்லை.

"அக்கா, இண்டைக்குப் போகாமல் விடேலாதோ?"

"ஏன்? அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்களே."

"அந்த அலுமாரியிலை மண்டையோடு இல்லை. நான்தான் எடுத்தனான்."

எனக்குக் காப்பி புரையேறியது.

"போன வருசம், செத்த ஆக்களை நினைக்கிற ஆத்துமாக்கள் திருநாளண்டைக்கு எடுத்தனான். நெத்தியிலை மையாலை ஒரு நம்பர், அதுக்குக் கீழை 'கள்ளன்' எண்டு எழுதிக் கிடந்தது. கிழமைக்குக் கிழமை நான் அதுக்குத் தூசு தட்டினனான். ஒரு மனுசன்ர தலை, அக்கா. இஞ்சை சனம் தலை வெட்டுப்பட்ட கைதியளுக்கும் மெழுகுதிரி கொளுத்துறது. என்ர தம்பிக்கு நகரத்துக்கு வெளியிலை, சியாகுல்லியிலை, மண்டரின் தோடம்பழத் தோட்டத்திலை வேலை. அங்கை ஒரு மரத்தடியிலை கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டம்."

"யாருமே தேடலையா?"

"இல்லை. நீங்கள் வந்துதான் கேக்கிறியள்."

அடுத்த மாதம் அவளுடைய பெர்மெசோவை, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். அதற்கு இந்த வீட்டு வேலை ஒப்பந்தம் கட்டாயம். திருட்டுப் புகார் என்று ஒன்று போலீசுக்குப் போனால் வேலையும் போகும், அனுமதியும் போகும். உடம்புக்கு முடியவில்லை என்று செய்தி அனுப்பலாம் என்று கைப்பேசியை எடுத்தேன். எதிர்க் கட்டிடத்தின் மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். வக்கீல்தான் என்றாள் ரோஸ்லின்.

மேலே வக்கீலின் தாயார், ரோஸ்லின் சின்யோரா என்று கூப்பிடுகிற அம்மா, சக்கர நாற்காலியில் இருந்தார். எண்பது வயதுக்கு மேல். எனக்கு இத்தாலியன் தெரியாது; மகன் சொன்னதை எல்லாம் ரோஸ்லின்தான் தமிழில் சொன்னாள். முதலில் வக்கீல் ஒரு பீங்கான் தலையைக் காட்டினார். கோடு போட்டு, வீட்டுமனை போலப் பிரித்திருந்தார்கள். "இது பேராசையாம். காதுக்கு மேலை கிடக்கிறது களவாம்." அவள் குரல் ஆடவில்லை. நேரத்தைக் கடத்த அந்தத் தலையைப் பற்றி அசட்டுக் கேள்விகளாகக் கேட்டேன். அவர் பொறுமையாகப் பதில் சொல்லி முடித்துவிட்டுச் சாவியை எடுத்தார்.

அலமாரியில் கறுப்பு மரப்பீடம் மட்டும் இருந்தது.

அவர் பேசப் பேச ரோஸ்லின் நேராக என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனாள். தன்மேல் விழும் பழியைத் தானே மொழிபெயர்த்தாள்.

"மண்டையோடு எங்கை எண்டு கேக்கிறார். இந்த வீட்டுக்கை வந்துபோற வெளியாள் நான் ஒராள்தானாம். என்ர கண்ணைப் பாத்தாலே கள்ளி எண்டு தெரியுதாம்."

பாட்டனார் இடுக்கி வைத்து அளந்தார். பேரனுக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை. நான் எதைச் சொன்னாலும் அவளைத்தான் மொழிபெயர்க்கச் சொல்ல வேண்டும்.

ரோஸ்லின் சின்யோராவின் பக்கம் திரும்பி இத்தாலியனில் சொன்னாள். சியாகுல்லி என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. ஒப்புக்கொண்டுவிட்டாள். மகன் கைப்பேசியை எடுத்தார். சின்யோரா தாழ்ந்த குரலில் மகனிடம் ஏதோ கேட்டார். ரோஸ்லின் அதை மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்றாங்க?"

"நான் இல்லாட்டி நாளைக்குக் காலமை தன்னை மகனோ வந்து குளிப்பாட்டுவார் எண்டு கேக்கிறா."

கைப்பேசி மெல்லச் சட்டைப்பைக்குள் போனது. கிழவி இன்னும் ஏதோ சொன்னார். "ஞாயிற்றுக்கிழமை தன்னை அந்த மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போகட்டாம்" என்றாள் ரோஸ்லின். சொல்லிவிட்டு அலமாரிக் கதவைச் சாத்தினாள்.

ஞாயிறு காலை பதினொரு மணி, சியாகுல்லி. மாலையில் எனக்கு விமானம். ரோஸ்லினின் தம்பி சின்யோராவை வேனில் கொண்டுவந்திருந்தான். மரங்களில் பழம் குலுங்கியது. எந்த மரம் என்று சொல்ல ஓர் அடையாளமும் வைக்கவில்லை, அவன்தான் கைகாட்டினான்.

"புதைச்ச அன்னைக்கு என்னன்னு ஜெபம் பண்ணீங்க? பேர்கூடத் தெரியாதே" என்றேன்.

"கள்ளன் எண்டு சொல்ல மனம் வரேல்லை. ஆண்டவரே, இவன்ர பேர் உமக்குத் தெரியும் எண்டு சொன்னன். உங்கட ஆக்களிலை செத்த ஆருக்கும் செபிக்க இருக்கோ அக்கா?"

என் தாத்தா நினைவுக்கு வந்தார். குற்றப் பரம்பரைச் சட்டம் என்று ஒன்று இருந்தது, எங்கள் ஊர்ப்பக்கம் அதைக் கைரேகைச் சட்டம் என்பார்கள். ஒரு சாதியில் பிறந்தாலே பிறவித் திருடன் என்று வெள்ளைக்காரன் சட்டம் போட்டான். எங்கள் தலைகளையும் மூக்குகளையும் இடுக்கி வைத்து அளந்தவர்கள் சென்னையிலும் இருந்தார்கள். ஒரு களவும் செய்யாத அந்த மனுஷன், பெண்டாட்டி பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு இராத்திரிதோறும் ஸ்டேஷனில் கைரேகை வைத்து அங்கேயே படுத்திருக்கிறார். இதை நான் வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது.

"என் தாத்தா இருக்கார். சின்னக்கருப்பன்."

ரோஸ்லின் மண்ணில் முழந்தாளிட்டு அந்தப் பெயரைச் சத்தமாகச் சொன்னாள். யாருக்கென்று கேட்காமலே சின்யோரா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.